காயலான் கடையிலிருந்து வானத்துக்கு: தனியார் பறக்கவிடும் பழைய போர்விமானங்கள்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி மீது இரவு இரவாகக் குண்டு வீசிய பிரிட்டிஷ் விமானம் லங்காஸ்டர். நான்கு இன்ஜின், உள்ளே ஏழு பேர். மொத்தம் 7,377 செய்தார்கள். இன்றைக்குப் பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவிடம் இருக்கிறது, செலவு அரசாங்கத்துடையது. இன்னொன்று கனடாவின் ஹாமில்டன் நகரத்தில், நன்கொடையையும் தன்னார்வலர்களையும் நம்பி நடக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஈஸ்ட் கிர்க்பி என்ற ஊரில் இருக்கிறது. இன்னும் பறக்கவில்லை. ஆனால் நான்கு இன்ஜினையும் ஓடவிட்டுத் தரையில் உருண்டு வரும். அதை 1983இல் வாங்கியவர்கள் ஃப்ரெட், ஹரால்ட் பேன்டன் என்ற அண்ணன் தம்பி. கோழிப்பண்ணை வைத்திருந்தவர்கள். அவர்களுடைய மூத்த அண்ணன் கிறிஸ்டோபர் 1944 மார்ச் இறுதியில் நியூரம்பர்க் மீதான தாக்குதலில் விமானத்தோடு போனவர், திரும்பவில்லை. போர்க்காலத்தில் விமானத் தளமாக இருந்த நிலத்தை வாங்கி, அதில் கோழிக் கொட்டகையும் போட்டு, அப்புறம் அண்ணன் நினைவாக ஒரு லங்காஸ்டரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பழைய போர்விமானங்களைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, ஓடவோ பறக்கவோ விடும் தனியார் சேகரிப்புகளைப் பற்றி முதல்முறையாகப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். இந்த விமானங்களை வார்பேர்ட் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பெரும்பாலானவை இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை. முதல் உலகப்போரின் மரச்சட்ட, துணிப் போர்வை விமானங்களும் உண்டு, 1950களின் ஜெட் விமானங்களும் உண்டு. உரிமையாளர்களில் கோடீஸ்வரர் இருக்கிறார், அறக்கட்டளை இருக்கிறது, உறுப்பினர் சந்தாவில் ஓடும் சங்கம் இருக்கிறது, பேன்டன் சகோதரர்களைப் போன்ற விவசாயியும் இருக்கிறார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விமானத்தை நிறுத்தி வைக்கும் அருங்காட்சியகத்துக்கு அது ஒரு பொருள். துரு ஏறாமல், தூசு படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பறக்கவிடுகிறவருக்கோ அது முடிவே இல்லாத வேலை. சேகரிப்பு என்று பெயர் இருந்தாலும், அங்கே உண்மையில் காப்பாற்றப்படுவது அந்த விமானத்தைக் கட்டவும் ஓட்டவும் தெரிந்த கைகள்தான் என்பது என் கருத்து.

805 டாலருக்கு ஒரு போர்விமானம்

1945இல் போர் முடிந்தபோது வெற்றி பெற்ற நாடுகளின் கையில் இருந்த விமானங்களுக்கு யாருக்கும் தேவை இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் கிங்மன், அர்கன்சாவின் வால்நட் ரிட்ஜ் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலை இறக்கினார்கள், இறக்கையை வெட்டினார்கள், உலையில் போட்டு உருக்கி அலுமினியக் கட்டியாக்கினார்கள். தொழிற்சாலையிலிருந்து நேராக இந்தக் காயலான் கடைக்குப் பறந்து வந்த புத்தம்புது விமானங்களும் அதில் அடக்கம்.

அந்த வேளையில் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு. டெக்சாஸில் பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் விமானி லாயிட் நோலன், 1957இல் நண்பர்கள் சிலரோடு பணம் போட்டு ஒரு பி-51 மஸ்டாங் வாங்கினார். அடுத்த வருடம் அமெரிக்கக் கடற்படையிடமிருந்து இரண்டு பேர்கேட் விமானங்கள், ஒவ்வொன்றும் 805 டாலருக்கு. அமெரிக்க விமானப்படையே தன் போர்க்கால விமானங்களில் பலவற்றுக்கு ஒரு மாதிரிகூட வைத்துக்கொள்ளவில்லை என்பது தெரியவந்ததும் அவர்களுடைய பொழுதுபோக்கு பொறுப்பாக மாறியது. இன்று கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் என்ற பெயரில் இயங்கும் பெரிய அமைப்பு அதுதான். அதே 1957இல் கலிஃபோர்னியாவில் எட் மலோனி என்பவர் ஒரு சிறிய விமான அருங்காட்சியகத்தைத் திறந்தார். இப்போது சீனோ நகரில் இருக்கும் பிளேன்ஸ் ஆஃப் ஃபேம் அதன் தொடர்ச்சி. 1944இல் சைபான் தீவில் கைப்பற்றப்பட்ட ஜப்பானிய ஸீரோ விமானம் ஒன்று, தன் அசல் சகாயி இன்ஜினோடு இன்றும் பறப்பது அங்கேதான். 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்க வந்த ஜப்பானியப் படையில் பறந்ததும் இந்த ஸீரோ வகைதான்.

பிரிட்டனில் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற பணக்கார இளைஞர், கார் பந்தய வீரர், 1930களிலேயே பழைய விமானங்களை வாங்கிச் சரிசெய்து பறக்கவிட்டார். 1909ஆம் ஆண்டின் பிளெரியோ விமானத்தை 1935இல் வாங்கினார். போர் வந்ததும் விமானப்படையில் சேர்ந்து, 1940 ஆகஸ்டில் பயிற்சியின்போது இறந்தார். வயது 31. அவருடைய அம்மா டோரதி 1944இல் மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். பெட்ஃபோர்ட்ஷயரின் ஓல்ட் வார்டன் புல்வெளி ஓடுதளத்தில் அந்த பிளெரியோ இன்னமும் கிளம்புகிறது. காற்றே இல்லாத மாலை நேரத்தில், ஓடுதளத்தின் நீளத்துக்குச் சில அடி உயரத்தில் ஒரு தாவல் மட்டும்.

கான்பூரில் கிடந்தவை

விலைக்கு வாங்கியவை தவிர மற்ற விமானங்கள் எங்கிருந்து வந்தன? பணக்கார நாடுகள் சீக்கிரம் ஜெட்டுக்கு மாறிவிட்டன. பழையதை நீண்ட நாள் வைத்து உழைத்த நாடுகளில்தான் விமானங்கள் தப்பித்தன. ஸ்பெயின், இஸ்ரேல், லத்தீன் அமெரிக்க நாடுகள், இந்தியா. இந்தியாவின் பங்கு நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி-24 லிபரேட்டர் என்ற அமெரிக்க நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானம் 18,000க்கும் மேல் செய்யப்பட்டது. பிரிட்டிஷ் படைகளும் கடனாக வாங்கி இந்தியாவிலிருந்து இயக்கின. போர் முடிந்தபின் ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும். கான்பூரில் நிறுத்தியிருந்தவற்றை யாரும் பயன்படுத்த முடியாதபடி சேதப்படுத்திவிட்டு பிரிட்டிஷார் கிளம்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு புதிய இந்திய விமானப்படைக்குப் பெரிய குண்டுவீச்சு விமானம் வாங்கக் காசு இல்லை. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் கான்பூருக்குப் போய், அந்தக் குப்பை மேட்டில் ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டி, பெங்களூர்வரை பறக்கும் அளவுக்கு ஒப்பேற்றி, அங்கே முழுசாகச் சரிசெய்தார்கள். இப்படி நாற்பதுக்கும் மேல் உயிர் பெற்றன. 1968 வரை இந்திய விமானப்படையில் வேலை பார்த்தன. உலகத்திலேயே லிபரேட்டரைக் கடைசியாகப் பயன்படுத்தியவர்களில் நாமும் உண்டு.

விளைவு என்னவென்றால், இன்று உலகத்தில் முழுசாக மிஞ்சியிருக்கும் கொஞ்சம் லிபரேட்டர்களில் கணிசமானவை இந்தியாவிலிருந்து போனவை. லண்டன் அருங்காட்சியகத்துக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று, அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று. தனியார் கதை இன்னும் சுவாரசியம். ஒரு லிபரேட்டர் ஓய்வு பெற்றபின் பதிமூன்று வருடம் இந்தியாவிலேயே வெயிலிலும் மழையிலும் கிடந்தது. 1981இல் டக் ஆர்னல்ட் என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் அதைக் கழற்றி, சரக்கு விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை 1984இல் அதை வாங்கியது. ஃப்ளோரிடாவில் ஒரு பட்டறை அதை ரிவெட் ரிவெட்டாகப் பிரித்துக் கட்டியது. 1989இல் மறுபடி பறந்தது. அமெரிக்க ஊர்களில் அதைப் பார்த்துக் கண் கலங்கிய முன்னாள் வீரர்களில் எத்தனை பேருக்கு அது இருபது வருடம் இந்திய விமானப்படையில் இருந்தது தெரியும் என்று யோசித்திருக்கிறேன்.

ஸ்பிட்ஃபயர், டெம்பெஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்விமானங்களும் இப்படியே போயின. எதிரி விமானங்களை ஏமாற்றுவதற்காக ஓடுதள ஓரங்களில் நிறுத்திய பழைய டெம்பெஸ்ட்களையும் 1970களில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வந்து வாங்கினார்கள். நமக்கு அது பழைய இரும்பு. அவர்களுக்கு அது உலகத்தில் மிஞ்சிய சிலவற்றில் ஒன்று. இதில் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்கு இங்கே கண்காட்சிக் கூடம் கட்டும் மனநிலையில் யாரும் இல்லை. மற்ற நாடுகள் உலையில் போட்டு உருக்கியதை இங்கே உருக்காமல் விட்டார்களே.

மணலுக்குள், பனிக்குள், காட்டுக்குள்

வாங்கக் கூடியதெல்லாம் தீர்ந்தபின் ஆட்கள் விழுந்து கிடந்தவற்றைத் தேடிப் போனார்கள். கிரீன்லாந்தில் 1942 ஜூலை 15 அன்று மோசமான வானிலையால் ஆறு பி-38 லைட்னிங் விமானங்களும் இரண்டு பி-17 குண்டுவீச்சு விமானங்களும் பனிப்பரப்பில் இறங்கின. விமானிகள் எல்லோரும் பிழைத்தார்கள். விமானங்கள் அங்கேயே விடப்பட்டன. ஐம்பது வருடப் பனி அவற்றின் மேல் சேர்ந்தது. 1992இல் ஒரு குழு வெந்நீரால் பனியை உருக்கிக் கிணறு போலத் துளை போட்டு, 82 மீட்டர் ஆழத்தில் ஒரு லைட்னிங்கைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு குகையை உருக்கி, பாகம் பாகமாகக் கழற்றி மேலே தூக்கியது. பனியின் எடை விமானத்தை நசுக்கியிருந்தது. கென்டக்கியில் பத்து வருடம் வேலை நடந்து, 2002 அக்டோபரில் அது பறந்தது. கிளேசியர் கேர்ள் என்று பெயர்.

லெனின்கிராட் அருகே காட்டில் 1943இல் இறங்கிய ஒரு ஜெர்மன் ஃபோக்-வுல்ஃப் 190, சுற்றிலும் மரங்கள் வளர்ந்து மறைத்ததால் நாற்பது வருடங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. மைக்ரோசாஃப்ட்டின் பால் ஆலன் அதை வாங்கிச் சரிசெய்தார். இன்ஜினைப் பிரித்தபோது எண்ணெய்க் குழாயில் கந்தல் துணி அடைத்திருந்ததாகவும், ஜெர்மன் தொழிற்சாலையில் அடிமை வேலை செய்த யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலையாக இருக்கலாம் என்றும் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது என்3200 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயரின் கதை. 1940 மே 26, டன்கர்க் பின்வாங்கல் நடந்த நாட்கள். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்ட் விமானத் தளத்தைச் சேர்ந்த 19ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீஃபன்சன் அதில் பறந்து சுடப்பட்டு, பிரான்ஸின் சாங்காட் கடற்கரையில் இறக்கினார். அவர் ஜெர்மானியரிடம் கைதியானார். விமானம் மணலில் புதைந்தது. 1980களில் மணல் விலகி வெளியே வந்தது. பின்னால் தாமஸ் கப்லன் என்ற அமெரிக்க முதலீட்டாளர் அதையும், அதே வாரத்தில் கலே கடற்கரையில் விழுந்த பி9374 என்ற இன்னொரு ஸ்பிட்ஃபயரையும் புதுப்பிக்கப் பணம் போட்டார். 2015இல் பி9374 ஏலத்தில் சுமார் 31 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அந்தப் பணம் விமானப்படை நல நிதிக்கும், புலி சிறுத்தை போன்ற காட்டுப் பூனையினங்களைக் காக்கும் அமைப்புக்கும் போனது. என்3200ஐ அவர் டக்ஸ்ஃபோர்டில் இருக்கும் இம்பீரியல் வார் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். கடைசியாகத் தான் சேர்ந்திருந்த தளத்துக்கே அது திரும்பிவிட்டது.

அப்படியானால் அது அதே விமானமா?

கடல் மணலில் நாற்பது வருடம் கிடந்த அலுமினியத்தில் மிஞ்சுவது வெள்ளைப் பொடியும் சில கனமான உலோகத் துண்டுகளும்தான். ஸ்பிட்ஃபயர் இறக்கையின் முதுகெலும்பு, ஒன்றுக்குள் ஒன்று செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. அதைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். உடலின் தகடுகள் எல்லாம் புதிது. பழைய தொழிற்சாலை வரைபடங்கள் மைக்ரோஃபிலிமில் தப்பியிருப்பதால் அவற்றைப் பார்த்து அச்சுச் சட்டம் கட்டி, தகட்டை உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டி வளைவு எடுத்து, ஆயிரக்கணக்கான ரிவெட் அடித்துக் கட்டுகிறார்கள். டிங்கரிங் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் சாயல் தெரியும், துல்லியம்தான் வேறு.

இப்படிக் கட்டியதை 1940இன் விமானம் என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் அடையாளத் தகடு முக்கியமாகிறது. ஒவ்வொரு விமானத்திலும் தயாரிப்பு எண் பொறித்த ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அந்தத் தகடும், அதனுடன் தொடர்ச்சியாக வரும் ஆவணங்களும், மிஞ்சிய சில அசல் பாகங்களும் சேர்ந்துதான் அடையாளத்தைத் தருகின்றன. சந்தையில் விலையைத் தீர்மானிப்பதும் அதுதான். வெறும் தகட்டை வைத்துக்கொண்டு மீதி முழுவதையும் புதிதாகக் கட்டுகிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது கோயில் தேர் மாதிரிதான் தெரிகிறது. சக்கரம் மாற்றுவார்கள், சட்டம் மாற்றுவார்கள், ஒரு காலத்தில் எல்லா மரமும் மாறியிருக்கும். ஊருக்கு அது அதே தேர். ஆனால் எதை மாற்றினோம் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்கும்போது சொல்லாமல் விட்டால் அது மோசடி.

இன்னொரு ஓரத்தில், மறைக்க எதுவுமே இல்லாத புதுக் கட்டுமானங்கள் இருக்கின்றன. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தில் தொடங்கிய விண்டேஜ் ஏவியேட்டர் நிறுவனம், முதல் உலகப்போரின் விமானங்களை மட்டும் அல்ல, அந்தக் காலத்து மெர்சிடிஸ், ஓபருர்செல் இன்ஜின்களையும் புதிதாக வார்த்துச் செய்தது. அமெரிக்காவில் ஐந்து மெசர்ஷ்மிட் 262 ஜெட்களைப் புதிதாகக் கட்டினார்கள். அதில் மட்டும் பழைய இன்ஜின் போடவில்லை, ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜெட் இன்ஜினைப் பொருத்தினார்கள். காரணம், போரின் கடைசியில் ஜெர்மானியர் செய்த அசல் இன்ஜினின் ஆயுள் சில பத்து மணி நேரம்தான். ஓல்ட் வார்டனில் ஒரு சோப்வித் டிரைப்ளேன் இருக்கிறது. தன்னார்வலர்கள் பழைய வரைபடத்தைப் பார்த்துப் புதிதாகக் கட்டியது. அந்த வேலையின் தரத்தைப் பார்த்த முதியவர் தாமஸ் சோப்வித், முதல் உலகப்போரில் அதை உருவாக்கிய நிறுவனத்தின் சொந்தக்காரர், இது நகல் இல்லை, என் நிறுவனம் தாமதமாகச் செய்த விமானம் என்று அங்கீகரித்துவிட்டார். இதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தத் தகட்டில் இருக்கும்?

மர விமானங்கள் தனிச் சிக்கல். மஸ்கிடோ என்ற பிரிட்டிஷ் இரட்டை இன்ஜின் விமானத்தின் உடலும் இறக்கையும் ஒட்டுப்பலகையும் பால்சா மரமும் பசையுமாகச் செய்தவை. வேகத்தில் ஜெர்மன் விமானங்களை ஏமாற்றியது. போர் முடிந்து வெளியில் நிறுத்தியதும் ஈரத்தில் பசை விட்டது, பலகை உளுத்தது. பறந்துகொண்டிருந்த கடைசி மஸ்கிடோவும் 1996இல் ஒரு விமானக் கண்காட்சியில் விழுந்தது. நியூசிலாந்தில் கிளின் பவல் என்பவர், மஸ்கிடோவின் உடலை வளைத்து ஒட்டுவதற்கான பெரிய மர அச்சுகளைப் பல வருடம் உட்கார்ந்து மறுபடி செய்தார். அந்த அச்சில் பிறந்த உடலை வைத்து, ஆர்ட்மோரில் ஒரு பட்டறை கட்டிய விமானம் 2012 செப்டம்பரில் பறந்தது. வாங்கியவர் அமெரிக்காவின் வர்ஜினியா பீச் நகரில் அருங்காட்சியகம் நடத்தும் ஜெரி யேகன். அதன்பிறகு அதே வழியில் வேறு மஸ்கிடோக்களும் எழுந்தன. ஒருவருடைய அச்சுகள்தான் அந்த விமான இனத்தை மறுபடி வானில் ஏற்றின.

பெட்ரோலும் விளக்கெண்ணெயும்

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜின் 12 சிலிண்டர், 27 லிட்டர். நம் தெருவில் ஓடும் சாதாரணக் காரின் இன்ஜின் ஒன்றேகால் லிட்டர். போர்க்காலத்தில் சுமார் ஒன்றரை லட்சம் மெர்லின்கள் செய்தார்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார் நிறுவனம் செய்தது. அதனால் உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. தீரத் தீரப் புதிதாகவும் செய்கிறார்கள். நான்கு இன்ஜின் பி-17 பறந்தால் மணிக்குச் சுமார் 750 லிட்டர் விமானப் பெட்ரோல் போய்விடும். முதல் உலகப்போரின் சுழலும் இன்ஜின்களுக்கு உயவு எண்ணெயாக ஊற்றுவது விளக்கெண்ணெய். அது பெட்ரோலில் கரையாது என்பதால்தான். எரியாமல் வெளியே பீய்ச்சி அடிக்கும் அந்த எண்ணெயைச் சுவாசித்த அந்தக் காலத்து விமானிகளின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று நம் வீடுகளில் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய விமானங்களின் செலவு ஒரு தனிமனிதர் தாங்கக் கூடியது இல்லை. ஹிரோஷிமா மீது குண்டு போட்ட வகையான பி-29 மொத்தம் 3,970 செய்தார்கள். பறப்பவை இரண்டு. அதில் ஒன்றான ஃபிஃபியை 1971இல் கலிஃபோர்னியப் பாலைவனத்தில், கடற்படை ஆயுதச் சோதனைக்கு இலக்காக நிறுத்தி வைத்திருந்த கூட்டத்திலிருந்து கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் மீட்டது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் 18 சிலிண்டர், நான்கு இன்ஜின். போர்க்காலத்திலேயே தீப்பிடிக்கும் என்று பேர் வாங்கிய இன்ஜின் அது. 2006இல் இனி முடியாது என்று நிறுத்தி, வேறு ரகங்களின் நல்ல பாகங்களைச் சேர்த்துப் புது இன்ஜின்கள் கட்டி, 2010இல்தான் மறுபடி பறக்கவிட்டார்கள். நான்கு வருடம், நன்கொடையில்.

வருமானத்துக்கு வழி? கண்காட்சிக் கட்டணம், சினிமா வாடகை, அப்புறம் பயணிகளை ஏற்றிச் செல்வது. பிரிட்டனில் இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரில் அரை மணி நேரம் சுற்றிவர சில ஆயிரம் பவுண்டு ஆகும். இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சட்டப்படி இந்த விமானங்களுக்குப் பயணிகள் விமானத்துக்கான தகுதிச் சான்றிதழ் கிடையாது. பிரிட்டனில் தனி அனுமதி, அமெரிக்காவில் கண்காட்சி விமானம் என்ற பிரிவு. ஏறுபவர் இதைத் தெரிந்து, ஆபத்தை ஏற்றுத்தான் ஏற வேண்டும்.

அந்த ஆபத்து வெறும் பேச்சு இல்லை. 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில் ஒரு பழைய ஹன்டர் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். டிக்கெட்கூட வாங்காதவர்கள், சாலையில் போனவர்கள். 2019 அக்டோபரில் காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17, கனெடிகட்டில் பயணிகளோடு விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். இன்ஜின் பராமரிப்பில் குறைகள் இருந்ததை விசாரணை காட்டியது, பயணிகளை ஏற்றும் அனுமதி ரத்தானது. 2022 நவம்பரில் டல்லஸில் ஒரு பி-17உம் கிங்கோப்ரா என்ற ஒரு போர்விமானமும் கண்காட்சியில் மோதின. ஆறு பேர் இறந்தார்கள். விமானங்களுக்கு இடையே உயர வித்தியாசத்தை முன்கூட்டியே திட்டமிடாமல், ஒருவரை ஒருவர் பார்த்து விலகிக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் காரணம் என்றது விசாரணை.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், இவற்றைப் பறக்கவிடவே கூடாது, நிறுத்தி வையுங்கள் என்ற குரல் எழும். அதில் நியாயம் இருக்கிறது. உலகத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தால் நிறுத்தி வைப்பதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன். பல மிஞ்சியிருந்தால் சில பறக்கட்டும். பறப்பது நின்றால் அந்த இன்ஜினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக் அடுத்த தலைமுறையில் இருக்க மாட்டார். ஆனால் பயணியை ஏற்றுவதும், கூட்டத்தின் தலைக்கு மேல் சாகசம் காட்டுவதும் வேறு கேள்வி. அதில் பிரிட்டனில் ஷோரமுக்குப் பிறகு விதிகள் இறுகியது நல்லதற்குத்தான்.

விபத்தைவிட அமைதியாக ஒரு சேகரிப்பை முடித்துவிடக் கூடியது உரிமையாளரின் மரணம். பால் ஆலன் 2018 அக்டோபரில் இறந்தார். வாஷிங்டன் மாநிலம் எவரெட்டில் இருந்த அவருடைய கூடம், ஃபோக்-வுல்ஃப், ஸீரோ, ரஷ்ய இல்-2 எல்லாம் இருந்த இடம், 2020இல் மூடியது. என்ன ஆகும் என்று இரண்டு வருடம் எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். 2022இல் வால்மார்ட் குடும்பத்தின் ஸ்டூவர்ட் வால்டன் மொத்தமாக வாங்கினார், 2023இல் மறுபடி திறந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு வால்டன் கிடைக்க மாட்டார். பேன்டன் சகோதரர்களும் இப்போது இல்லை. ஆனால் குடும்பம் தொடர்ந்து நடத்துகிறது, லங்காஸ்டரைப் பறக்கவைக்கும் வேலை குளிர்காலந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

எங்கே பார்க்கலாம்

லண்டனில் இருப்பவர்களுக்கு டக்ஸ்ஃபோர்டும் ஓல்ட் வார்டனும் ஒரே நாளில் போய்வரும் தூரம். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஓல்ட் வார்டனைச் சொல்வேன். சின்ன இடம், மெக்கானிக்குகள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். டொராண்டோவில் இருப்பவர்களுக்கு ஹாமில்டன் பக்கம்தான். பணம் கட்டினால் லங்காஸ்டரில் ஏறவும் வாய்ப்பு உண்டு. நியூசிலாந்தின் வனாகாவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈஸ்டர் வாரத்தில் நடக்கும் விழா, மானைப் பிடிக்க ஹெலிகாப்டர் ஓட்டிப் பணக்காரரான டிம் வாலிஸ் 1988இல் தொடங்கியது. ரஷ்யாவில் விழுந்து கிடந்த ஐ-16 விமானங்களை அங்கேயே சரிசெய்யச் சொல்லி வானத்துக்குத் திருப்பியவரும் அவர்தான்.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது விமானப்படையின் விண்டேஜ் பிரிவு. டைகர் மாத், ஹார்வர்ட், டக்கோட்டா அதில் இருக்கின்றன. இதில் டக்கோட்டா தனியார் பணத்தில் வந்தது. அயர்லாந்தில் காயலான் கடைக்குப் போகவிருந்த அதை அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் 2011இல் வாங்கி, பிரிட்டனில் புதுப்பித்து, விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய அப்பா விமானப்படையில் டக்கோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து நிறுத்தி நிறுத்திப் பறந்தே வந்து ஜாம்நகரில் இறங்கியது. அதன் வாலில் எழுதியிருக்கும் விபி905 என்ற எண் அதனுடையது இல்லை. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படையினரோடு ஸ்ரீநகரில் இறங்கிய டக்கோட்டாவின் எண். பரசுராமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சியில், ரஃபேலுக்கும் சுகோய்க்கும் இடையே சாவகாசமாகப் போன அந்த இரட்டை புரொப்பெல்லர் விமானம் அதுதான்.